குடலிறக்கத்தை மறைத்துக்கொண்டு மூச்சை அடக்கினேன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதத்தில் நடந்தது இது. பாலக்காட்டுச் சீமையில் வடகரப்பதிப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் மேட்டுக்காடும் ஒரு கிணறும் இருந்தன. எனக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள். இன்று எழுபதைத் தாண்டிவிட்டேன். இதை வாயால் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

வியாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வருஷம் முந்தைய ஐப்பசியில், நிலக்கடலை மூட்டை ஏற்றிய வண்டி ஓடையில் இறங்கிச் சேற்றில் மாட்டிக்கொண்டது. சக்கரத்துக்குத் தோள் கொடுத்து மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். வண்டி ஏறிவிட்டது. ஆனால் வலது தொடை இடுக்கில், நனைந்த துணி கிழிகிற மாதிரி என்னவோ ஒன்று ஆயிற்று. பத்து நாளில் அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். நின்றால் வரும், இருமினால் முட்டும், படுத்தால் தானாக உள்ளே போய்விடும்.

குடல் இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் ஊரிலேயே ஒருத்தருக்கு அது இருந்தது. காலை அகட்டி நடப்பார். ஊரில் அவருக்குச் சுரைக்காய் என்று பேர் வைத்திருந்தார்கள். அவர் சந்தைக்கு வந்தால் இளவட்டங்கள் பின்னால் அவர் மாதிரியே நடந்து காட்டுவார்கள். நானும் நடந்து காட்டியிருக்கிறேன். கடைசியில் வலி தாங்காமல் கோயமுத்தூருக்குப் போய் அறுத்துக்கொண்டார். போனவர் உயிரோடு திரும்பவில்லை.

அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதன் மேல் கோவணம் கட்டி, காட்டு வேலையெல்லாம் பார்த்தேன். என் மனைவி ஒரு நாள், "ஏனுங்க, அங்க என்னங்க வீங்கியிருக்குது?" என்று கேட்டபோது, உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரின் அப்பா, மகனோடு இருக்க வந்திருந்தார். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். கொல்லங்கோட்டில் தபால் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, பேச்சும் மெதுவாகத்தான் இருக்கும். விடிகாலையில் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்வார். பார்க்கப் போனவர்கள் இரண்டு பேர் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார்கள். பிறகு ஆறேழு பேர் ஆனார்கள். காசு எதுவும் வாங்கமாட்டார்.

மூச்சை அடக்கப் பழகினால் உள்ளே சரிந்ததெல்லாம் தன் இடத்துக்கு ஏறிவிடும் என்று சந்தையில் ஒருவர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. ஆனால் எனக்கென்றே சொன்னதுபோல் இருந்தது. கத்தி வேண்டாம், யாரிடமும் வாய் திறக்க வேண்டாம், மூச்சே எடுத்து உள்ளே வைத்துவிடும் என்றால் வேறென்ன வேண்டும்? மறுநாளே போய் மண்டபத்தில் உட்கார்ந்தேன்.

புதிதாக வருபவர்களிடம் அவர் சில கேள்விகள் கேட்பார். என்னிடமும் கேட்டார். மார்வலி உண்டா, தலைசுற்றல் உண்டா என்று கேட்டுவிட்டு, "அடிவயத்துல உபாதை ஏதாவது உண்டோ? குடல் எறக்கம் மாதிரி? இருந்தா சொல்லணும், கேட்டேளா. லஜ்ஜைப்பட வேண்டாம்" என்றார்.

சுற்றிலும் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் தெரிந்தவர்கள். அதில் இரண்டு பேர் என்னோடு சேர்ந்து அந்தச் சுரைக்காய்க்காரர் பின்னால் நடந்து காட்டியவர்கள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நிமிர்ந்து உட்காரச் சொன்னார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், முதல் ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது. மெதுவாக மூச்சை இழுத்து மெதுவாக விடும் பயிற்சிதான். ராத்திரி படுத்தவுடன் தூக்கம் வந்தது. மாட்டைக்கூட அடிக்கக் கை ஓங்காமல் இருந்தேன். வீக்கமும் அப்படியேதான் இருந்தது. இரண்டாவது மாதம் அவர் கொல்லன் துருத்தி ஊதுகிற மாதிரி மூச்சை வேகவேகமாகத் தள்ளுவதையும், நிறைய இழுத்து உள்ளேயே கட்டி வைப்பதையும் கற்றுக்கொடுத்தார். உடம்பு தாங்குகிற வரைக்கும் மட்டும் என்று ஒவ்வொரு நாளும் சொல்வார். வயிற்றை முதுகோடு ஒட்ட உள்ளே இழுக்கும்போது வீக்கம் மறைகிற மாதிரி எனக்குத் தோன்றும். அதுதான் என்னை ஏமாற்றியது. அவர் பத்துத் தடவை செய்யச் சொன்னால், தோட்டத்துக் குடிசையான சாளைக்கு வந்து யாரும் பார்க்காமல் நான் நாற்பது தடவை செய்தேன். எண்ணிக்கை கூடக்கூட வியாதி சீக்கிரம் ஓடும் என்று நினைப்பு.

எலுமிச்சம்பழம் மாதுளம்பழம் ஆயிற்று. படுத்தால் உள்ளே போக முன்னைவிட நேரமானது. கெட்டது வெளியே வருகிறது, பிறகு தானே வற்றும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்த ஒரு மனுஷர் தினமும் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்கலாமே என்று தோன்றவே இல்லை. கேட்டால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும்.

அது நடந்த அன்றைக்கு என் மனைவி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கம் அவள் அக்கா வீட்டுச் சீருக்குப் போயிருந்தாள். விடியும்போதே சாளையில் உட்கார்ந்து பயிற்சியைத் தொடங்கினேன். மாசி மாதத்துக் கிழக்குக் காற்று பனை ஓலையை அடித்துக்கொண்டிருந்தது. மூச்சை நிறைய இழுத்து அடைத்து வைத்திருந்தேன். கண்ணெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருந்தபோது தொண்டையில் தூசி போய் இருமல் வந்துவிட்டது. அடைத்த மூச்சோடு வந்த இருமல். வீக்கம் ஒரே தள்ளாக வெளியே வந்தது.

படுத்துப் பார்த்தேன், போகவில்லை. முழங்காலை மடக்கிப் பார்த்தேன், போகவில்லை. கையால் அமுக்கினேன். உயிர் போகிற வலி. தொட்டால் மாங்கொட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தேன். அப்புறம் மறுபடி. வயிறு முறுக்கி முறுக்கி விட்டது.

வெயில் ஏறுகிற நேரத்தில் இட்டேரியில் பேச்சுக் குரல் கேட்டது. சாளைக்கும் அந்த வேலியோரப் பாதைக்கும் இருபது அடிகூட இருக்காது. எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர், சோளத்தட்டுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பேசிப் போகிறார்கள். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன். முனகல் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று. அவர்கள் பேச்சு தேய்ந்து மறைகிற வரைக்கும் அப்படியே கிடந்தேன். சாகிறவன்கூட அப்படிச் செய்வானா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்குச் செய்தேன்.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. சாளை வாசலில் ஒரு பெண் குரல்.

"யாருங்க அது? பண்ணாடிங்களா?"

எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி. ஐம்பதைத் தாண்டியவர். என் இரண்டு பெண்களையும் கையில் வாங்கியவர். அப்போதெல்லாம் காடு தோட்டம் வைத்திருந்தவர்களை அவர் சாதிக்காரர்கள் பண்ணாடி என்றுதான் கூப்பிட வேண்டும். நாங்கள் அவர்களை, எத்தனை வயதானாலும், நீ வா போ என்போம். நானும் அப்படித்தான்.

"ஒண்ணுமில்ல. நீ போ" என்றேன்.

"ஒண்ணுமில்லாதயா இப்படி மொனகறீங்க? அந்த வேலியில வாரப்பவே கேட்டுச்சுங்க."

"வயித்து வலி. போன்னா போ."

அவர் போகவில்லை. உள்ளே வந்து, என் கை எங்கே அழுத்திக்கொண்டிருக்கிறது என்று பார்த்தார். வாந்தியைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கைய எடுங்க பண்ணாடி."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியினாலா வெட்கத்தினாலா, சொல்லத் தெரியவில்லை.

"கணக்கில்லாத பொறப்புப் பாத்தவளுங்க நானு. எனக்கு ஒடம்புன்னா ஒடம்புதான். இதுல ஆம்பள பொம்பள இல்லீங்க. எப்ப வெளிய வந்துச்சு?"

"விடியறப்ப."

"நீங்களா அமுக்குனீங்களா?"

"ஆமா."

துணியை விலக்கி, புறங்கையால் ஒரே ஒரு தடவை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"இனிமே இதத் தொடக்கூடாதுங்க. நீங்களும் தொடக்கூடாது, நீவி உடறேன்னு எவன் வந்தாலும் உடக்கூடாது. தண்ணிகூடக் குடிக்காதீங்க. ஆசுபத்திரிக்குப் போயாகோணும், இப்பவே."

எனக்கு அந்தக் கோயமுத்தூர் போனவர் ஞாபகம்தான் வந்தது. "மத்தியானத்துக்குள்ள தானா உள்ள போயிரும். நீ யாருகிட்டயும் சொல்லாத. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்" என்றேன். நிஜமாகவே கும்பிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக் கீழே வைத்தார். சாதாரணமாகப் பேசுகிற குரலிலேயே சொன்னார். "எங்கூட்டுக்காரரு இதுலதானுங்க போனாரு. ஊருல அத்தன பொம்பளைக்கும் ஒடம்புக்கு என்னன்னு பாக்கறவ நானு. என்கிட்டயே அவரு சொல்லலீங்க. மூணு நாளு வயித்து வலி வயித்து வலின்னாரு. நானும் கசாயம் வெச்சுக் குடுத்தேன். செத்ததுக்கப்புறம் குளிப்பாட்டறப்பத்தான் பாத்தேன்."

மறுபடி கும்பிட எனக்குக் கை எழவில்லை.

"உங்க ரெண்டு புள்ளைகளையும் நாந்தானுங்க மொதல்ல தொட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

கிணற்றில் துணியை நனைத்துக்கொண்டு வந்து வீக்கத்தின் மேல் போட்டார். வைக்கோல் சாக்கு ஒன்றைச் சுருட்டி என் இடுப்புக்கு அடியில் கொடுத்து உயர்த்தினார். பிறகு பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடினார். அந்தத் தோட்டத்துக்காரர் எனக்கு மச்சான் முறை. வண்டியும் நல்ல ஜோடி மாடும் வைத்திருந்தார். அவர் வந்து பார்த்தவுடனே, "இதுக்குப் போயி ஆசுபத்திரி என்னத்துக்கு மாப்ள? ரெண்டு மைல்ல தடவுற வைத்தியரு இருக்காரு. வெளக்கெண்ணெய் போட்டு ஒரு நீவு நீவுனா உள்ள போயிரும்" என்றார்.

"நீவக்கூடாதுங்க. குடலு கெட்டுப் போயிருந்தா உள்ளயே ஒடஞ்சு போயிரும்" என்றார் மருத்துவச்சி.

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "பேறுகாலம் பாக்கறவளுக்கு ஆம்பள வைத்தியம் என்ன தெரியும்?" என்று கேட்டார். மருத்துவச்சி தலை குனிந்துகொண்டார். ஆனால் நகரவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

தடவுகிற வைத்தியரிடம் போனால் கத்தி இல்லை. ஊரை விட்டுப் போக வேண்டாம். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தபோது வேறு வார்த்தைதான் வந்தது. "அவங்க சொல்றபடி பண்ணுங்க மச்சான். பாலக்காட்டுக்குப் போலாம்."

அவங்க என்று சொன்னது எனக்கே காதில் விழுந்தது. மச்சானுக்கும் விழுந்திருக்கும்.

காலையில் போகிற ஒரே பஸ்ஸும் போய்விட்டிருந்தது. இருந்திருந்தாலும் அதில் என்னை உட்கார வைத்துக் கொண்டுபோயிருக்க முடியாது. வண்டியில் வைக்கோல் பரப்பி, கால் பக்கத்தை உயர்த்திப் படுக்க வைத்தார்கள். மச்சான் மாட்டை விரட்டினார். மருத்துவச்சி வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார். நடை என்று சொல்வதற்கில்லை, ஓட்டம்தான். எங்கள் வண்டியில் அவர்கள் ஏறுகிற வழக்கம் இல்லை. அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. படுத்துக்கிடந்த எனக்குப் பின்னால் தெரிந்தது அவர் முகம் மட்டும்தான். அவர் முந்தின நாள் ராத்திரி முழுக்க ஒரு பிரசவத்தில் கண் விழித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர் என்பது அவர் மச்சானிடம் சொன்னபோது என் காதில் விழுந்திருந்தது. காலில் செருப்பு இல்லை.

ஒரு மைல் போயிருக்கும். "நிறுத்துங்க மச்சான்" என்றேன். வண்டி நின்றது.

"நீங்களும் ஏறுங்க" என்றேன் அவரிடம்.

"இருக்கட்டுமுங்க, நடந்தே வந்தர்றேன்."

"வெயிலேறிப் போச்சு. ஏறுங்க."

மச்சான் திரும்பிப் பார்த்தார். மறுபடி முன்னால் பார்த்துக்கொண்டார். அந்த அம்மாள் வண்டியின் பின்பக்க ஓரத்தில், எவ்வளவு கொஞ்சமாக இடம் எடுக்க முடியுமோ அவ்வளவு கொஞ்சமாக உட்கார்ந்தார். வழி முழுக்க என் உதட்டை ஈரத் துணியால் தொட்டுக்கொண்டே வந்தார். தண்ணீர் கேட்டுக் கெஞ்சினேன். தரவில்லை.

பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. டாக்டர் மலையாளி. தமிழைக் கலந்து பேசினார். பார்த்த மாத்திரத்தில் மற்ற நோயாளிகளை விட்டுவிட்டு என்னிடம் வந்துவிட்டார். எத்தனை மணிக்கு வெளியே வந்தது, எத்தனை தடவை வாந்தி, யாராவது அமுக்கினார்களா என்று கேட்டார். என்னால் பேச முடியவில்லை. அந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். "அமுக்கின பிறகு ஆரும் தொட்டில்லையே?" என்று டாக்டர் மறுபடி கேட்டார். இல்லை என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

"இப்பவே அறுக்கணும். அறுத்தாலும் பிழைப்பான்னு நான் உறப்பாச் சொல்ல மாட்டேன். அறுக்கலைன்னா நாளைக்கு இவன் இல்லை. ஆருடைய சம்மதம் வேணும்?" என்றார் டாக்டர்.

மனைவி பக்கத்தில் இல்லை. மச்சான் என்னைப் பார்த்தார். இரண்டு வருஷமாக நான் எதற்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தேனோ அது மேஜை மேல் வெள்ளைத் துணி போர்த்திக் காத்துக்கொண்டிருந்தது. "என் சம்மதம்தானுங்க" என்றேன். மூக்கில் மயக்க மருந்துத் துணியை வைத்தார்கள். எண்ணச் சொன்னார்கள். ஏழு வரைக்கும் எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

பிழைத்துக்கொண்டேன். குடல் கறுக்கத் தொடங்கியிருந்ததாம். இன்னும் இரண்டு மணி நேரம் தாண்டியிருந்தாலும், எண்ணெய் போட்டு நீவியிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் மறுநாள் சொன்னார். "அந்த ஸ்திரீதான் உன்னை ரட்சிச்சது. நான் இல்லை" என்றார். அதற்குள் அந்த அம்மாள் ஊருக்குத் திரும்பிப் போயிருந்தார். ஏதோ ஒரு வீட்டில் அவருக்காகக் காத்திருந்தார்களாம்.

மூன்று வாரம் படுக்கை. அறுத்ததற்கு மறுநாளே என் மனைவி வந்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அழுதாள். ரொம்ப நேரம் கழித்து, "நாங் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமுங்க" என்றாள். அவ்வளவுதான்.

தேறிய பிறகு ஒரு நாள் டாக்டரிடம் மூச்சுப் பயிற்சியைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பயிற்சியே தப்பா என்று. அவர் உடனே தப்பென்று சொல்லவில்லை. மெதுவாக இழுத்து மெதுவாக விடும் மூச்சில் யாருக்கும் கெடுதல் இல்லை என்றார். ஆனால் வயிற்றுச் சுவரில் ஓட்டை விழுந்திருக்கிறபோது மூச்சை அடைத்து வைப்பதும், துருத்தி மாதிரி வேகமாகத் தள்ளுவதும், மூட்டை தூக்குவதற்குச் சமம். உள்ளே இருப்பதை ஓட்டை வழியாக வெளியே தள்ளும். கிழிந்த சுவரை மூச்சு தைக்காது, தைக்கத்தான் வேண்டும். தைத்த பிறகும் பல மாதம் பொறுக்க வேண்டும், அதற்கப்புறமும் டாக்டரைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும் என்று சொன்னார். எனக்குப் புரிகிற மாதிரி, கோபப்படாமல் சொன்னார்.

மூன்றாவது வாரம் நான் எதிர்பார்க்காத ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மண்டபத்தில் கற்றுக்கொடுத்த அந்தத் தபால் ஆபீஸ்காரர். அவரைப் பார்த்ததும் போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொள்ளலாம் போல் இருந்தது. பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க கேட்டீங்க. நான் பொய் சொல்லிப்புட்டனுங்க" என்றேன்.

"நான் கேட்டது சரி. கேட்ட எடம் தப்பு" என்றார் அவர். "ஆறு பேருக்கு நடுவுல வெச்சு ஒரு மனுஷனை அப்படிக் கேட்டா அவன் என்ன சொல்லுவான்? தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். அன்னிக்கு உம்ம முகத்தைப் பாத்தப்போ எனக்கு ஒரு சம்சயம் தோணித்து. இருந்தும் விட்டுட்டேன். இத்தனை நாளா எனக்குத் தூக்கமில்லை, கேட்டேளா."

பொய் சொன்னவன் நான். தூக்கத்தைத் தொலைத்தவர் அவர். அன்றைக்கு மனசில் விழுந்த அடி கத்தி போட்ட தழும்பைவிட ஆழம். அதற்குப் பிறகு அவர் புதிதாக வருகிற யாரையும் கோயில் பிரகாரத்தில் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசிவிட்டுத்தான் உட்கார வைப்பார்.

வைகாசி வாக்கில் நன்றாக நடக்க முடிந்தது. நானும் மனைவியும் ஒரு புடவையும் தட்டத்தில் வெற்றிலைபாக்கும் எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் வீட்டுக்குப் போனோம். அந்தத் தெருவுக்குள் நான் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. பதறிப் போய் வெளியே ஓடி வந்தார். புடவையை வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று பிகு செய்யவில்லை, அது எனக்கு நிம்மதியாக இருந்தது. வேறு என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "இன்னும் நாலு ஆம்பளைங்க இந்த ஊருல மறைச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க. நான் சொன்னா எவங் கேப்பான்? நீங்க உங்க வாயால சொல்லுங்க, அது போதுமுங்க" என்றார்.

சொல்வது சுலபமில்லை. இரண்டு மாதம் தள்ளிப் போட்டேன். ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மண்டபத்தில் ஊர் ஆண்கள் கூடியிருந்தபோது எழுந்து நின்றேன். எனக்கு எந்த இடத்தில் என்ன இருந்தது, எத்தனை வருஷம் மறைத்தேன், மண்டபத்தில் என்ன பொய் சொன்னேன், யார் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், எல்லாவற்றையும் சொன்னேன். காலமாகிப்போன அந்த மனுஷர் பின்னால் நடந்து காட்டியதையும் சொன்னேன். ஒரு ஆள் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அந்த வாரத்திலேயே ஒருவர் கிணற்றடிக்கு வந்து, மாட்டைப் பற்றி, மழையைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, போகிறபோது மெல்ல, "எனக்கும் இருக்குதுங்க" என்றார். பிறகு இன்னொருவர். அந்த வருஷத்துக்குள் மூன்று பேர். மூன்றாவதாக வந்தவர் அன்றைக்குச் சிரித்தவர். மூன்று பேரையும் நானே பாலக்காட்டுக்குக் கூட்டிப் போனேன். இரண்டு பேருக்குத் தைத்து அனுப்பினார்கள். ஒருவருக்கு வயது அதிகம் என்று இடுப்புப் பட்டை கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று பேரும் பல வருஷம் இருந்தார்கள்.

அந்த அம்மாள் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் பேத்திகள் பிறந்தது ஆஸ்பத்திரியில், டாக்டரம்மா கையில். நான் இப்போதும் விடிகாலையில் எழுந்து உட்கார்ந்து மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடுகிறேன். அடைத்து வைப்பதில்லை, தள்ளுவதில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

நான் கத்திக்குப் பயந்துதான் மறைத்தேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் நான் பயந்தது நாலு பேர் வாய்க்குத்தான். அந்த நாலு பேரும் என்னைப் போலவே எதையோ மறைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள் என்று தெரிந்த பிறகு, எந்த மனுஷரைப் பார்த்தும் சிரிக்க எனக்கு மனசு வந்ததில்லை.